நீல மீனின் சாட்சி

அத்தியாயம் 7

மழைக்கு ஒதுங்கத்தான் அந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் அர்மெல் ரிவோவல் ஈரக் கோட்டை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். எதிரே உட்கார்ந்த அவளுடைய உதவியாளன் குல்வென், விலைப்பட்டியலைத் திறக்காமலே கடைக்காரம்மாவைக் கூப்பிட்டான்.

"முட்டையும் பன்றிக்கறியும் வெச்சு எனக்கு ரெண்டு கலெத். இவங்களுக்கு ஒண்ணு. கல்லுல வெண்ணெய் போடும்போது உங்க டாக்டர் சொன்னதையெல்லாம் மறந்துடுங்க மதாம்."

கடைக்காரம்மா சிரித்துக்கொண்டே, தோசை மாதிரி மெல்லிசாக மாவைக் கல்லில் ஊற்றப் போனாள். அர்மெல் சிரிக்கவில்லை.

"கேஸ் முடிஞ்சு போச்சு சீஃப். கொஞ்சம் முகத்தைத் தளர்த்துங்க. உங்களைப் பார்த்தா கொலை பண்ணினது நீங்கதான்னு இந்தம்மா நினைச்சுக்கப் போறாங்க."

"சாயங்காலம் ரோனானைக் காம்பேர் சிறைக்குக் கொண்டு போறாங்க" என்றாள் அர்மெல்.

"அதுக்கென்ன? குற்றவாளி ஜெயிலுக்குப் போறது வழக்கம்தானே?"

கேஸ் முடிந்தால் அவளுக்கு நன்றாகப் பசிக்கும். இந்தத் தடவை பசிக்கவில்லை.

போர்-கெரன் துறைமுகத்தில் ஜோப் கெர்மாரெக் என்ற கிழ மாலுமியைத் தெரியாதவர்கள் கிடையாது. தன் வீட்டுக் கீழ்த்தள அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். தெருக்கதவு இரவு முழுவதும் உள்ளே இரும்புப் பட்டை போட்டபடி இருந்தது. அந்த அறைக்குள் வெளியாள் வர வேண்டுமென்றால் தோட்டத்துப் பக்க ஜன்னல் ஒன்றுதான் வழி. போலீஸ் வந்தபோது அதுவும் உள்பக்கம் தாழிட்டிருந்தது. மாடியில் இருந்தவர்கள் அவருடைய தம்பி மகன் ரோனான், ரோனானின் மனைவி மகாரித், அவர்களுடைய சின்னப் பெண். முந்தின நாள் மாலை ரோனானும் கிழவரும் படகை விற்பது பற்றிப் போட்ட சண்டை தெருமுனை வரை கேட்டிருக்கிறது.

மகாரித் சொன்னது வேறு. காலையில் காபியோடு அவள் அறைக்குள் போனபோது ஜன்னல் 'பே' என்று திறந்து கிடந்ததாம். சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்ததாம். கை தன்னால் போய் ஜன்னலை மூடித் தாழிட்டதாம். அதன் பிறகுதான் கட்டில் பக்கம் திரும்பினாளாம்.

புருஷனைக் காப்பாற்ற எந்தப் பெண்டாட்டியும் சொல்லக்கூடியதுதான். தரையில் சாரல் அடித்த ஈரமா, போலீஸ்காரர்களின் பூட்ஸ் ஈரமா என்று பிரிக்க முடியாத நிலை. அப்போதுதான் மீன் வந்தது.

ஜன்னலுக்குப் பக்கத்து அலமாரி மேல் ஒரு பிளாஸ்டர் மீன். கடற்கரைக் கடைகளில் சுற்றுலாக்காரர்கள் வாங்கிப் போகும் சாமான். காற்றில் ஈரம் இருந்தால் ரோஜா நிறம், வறண்டிருந்தால் நீலம். கொலை நடந்த இரவு முழுவதும் ஓயாத மழை. ஜன்னல் திறந்திருந்தால் மீன் ரோஜாவாக அல்லவா இருக்க வேண்டும்? அர்மெல் பார்த்தபோது அது ஆகஸ்ட் மாத வானம் போல் நீலமாக இருந்தது.

சமையலறையில் மகாரித்தை எதிரே உட்கார வைத்துத் தான் சொன்ன வார்த்தை அர்மெலுக்கு இப்போதும் ஞாபகம் இருந்தது. சொன்னபோது அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

"மீனுக்குப் புருஷன் கிடையாது, மகாரித். பொய் சொல்ல அதுக்கு ஒரு காரணமும் இல்ல."

"நான் மூடினேன் மதாம். இந்தக் கையாலதான் மூடினேன்."

"ஜன்னல் திறக்கவே இல்லைன்னு மீன் சொல்லுதே."

திரும்பத் திரும்பக் கேட்டதில் மகாரித்தின் குரல் தேய்ந்தது. கடைசியில் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, "தினமும் மூடுறேன்... அன்னிக்கும் மூடினதா நினைச்சுக்கிட்டேனோ என்னவோ" என்றாள். மறுநாளே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ப்ரெஸ்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். லாக்கப்பில் இருந்த ரோனானைப் பார்க்கவும் வரவில்லை.

"அட! நம்ம சாட்சியோட தம்பி!"

குல்வெனின் குரல் அவளை உலுக்கியது. அவன் அடுப்புக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினான். அங்கே அதே அச்சில் வார்த்த இன்னொரு மீன்.

"வெளிய வானம் கிழிஞ்சு ஊத்துது, இவன் நீலமா நின்னுக்கிட்டு வெயில்ங்கிறான். பொய்சாட்சி சீஃப். பிடிச்சு உள்ள போட்டுடலாமா?"

மேஜை மேல் முட்கரண்டியை உருட்டிக்கொண்டிருந்த அர்மெல் நிமிர்ந்து மீனைப் பார்த்தாள்.

"மதாம், அந்த மீன் எப்பவும் நீலம்தானா?"

"அதுவா?" கடைக்காரம்மா கலெத்தைத் திருப்பிப் போட்டாள். "அடுப்புச் சூடு படுதில்ல? கடையை மூடி அடுப்பு ஆறினப்புறம் பார்த்தா ரோஜாவா இருக்கும். காலைல மூட்டினா மறுபடி நீலம்."

"குல்வென், அதை எடுத்துட்டுப் போய் வாசல்ல பிடி."

"சாப்பாடு வர்ற நேரத்துலயா?"

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் எழுந்து போனான். வாசல் கூரைக்குக் கீழே, சாரல் படாத இடத்தில் மீனை நீட்டிக்கொண்டு நின்றான். தெருவில் போன ஒரு மீனவன் "விலை என்னப்பா?" என்று கேட்டான். "இது அரசாங்க மீன், விலைக்கு இல்ல" என்றான் குல்வென். அவனுடைய இரண்டு கலெத்தும் மேஜையில் ஆறிப்போயின. முதலில் வால் ஊதாவானது. பிறகு துடுப்பு. பிறகு மீன் முழுவதும் மங்கிய ரோஜாவுக்கு வந்து சேர்ந்தது.

"சீஃப்" என்றான் குல்வென், உள்ளே வந்து. "கிழவர் அறையில அடுப்பே கிடையாதே. நிலவறை மாதிரி சில்லுன்னு இருந்துச்சு. அங்க சூடா இருந்தது நம்ம போட்டோகிராபர் மட்டும்தான். எவன்டா என் ஒயரை மிதிச்சதுன்னு குதிச்சானே..."

சொல்லிக்கொண்டே வந்தவன் வாயை மூடிக்கொண்டான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

போட்டோகிராபரின் விளக்குகள். 'இருட்டா இருக்கு, அலமாரி பக்கமா நகர்த்தி வைங்க' என்று சொன்னவள் அர்மெல்தான்.

கிழவரின் அறைக்குச் சீல் வைத்திருந்தார்கள். பிரித்துக்கொண்டு உள்ளே போனார்கள். மீன் அலமாரி மேல் அதே இடத்தில் இருந்தது. ரோஜா நிறம்.

போட்டோகிராபரிடமிருந்து வாங்கி வந்த விளக்குகளைக் குல்வென் பழைய இடத்திலேயே வைத்து எரியவிட்டான். ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான். அர்மெல் மீனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாறக்கூடாது என்று உள்ளுக்குள் ஒரு குரல் கெஞ்சியது. மாறவில்லை என்றால் தான் செய்தது சரி என்று ஆகிவிடும்.

மீனின் மூக்கு முதலில் மாறியது. பிறகு கண்ணைச் சுற்றி. சிகரெட் பாதிகூடக் கரையவில்லை. மீன் முழு நீலமாக நின்றது.

"இப்ப மீன் என்ன சொல்லுது சீஃப்?" குல்வெனின் குரலில் கிண்டல் இல்லை.

"விளக்கு எரியுதுன்னு சொல்லுது. அன்னிக்கும் அதைத்தான் சொல்லிச்சு." அவள் விளக்கை அணைத்தாள். "ராத்திரி நடந்தது அதுக்கு எப்படித் தெரியும்? இந்த நிமிஷம் பக்கத்துல என்ன இருக்கோ அதுதான் அதுக்குத் தெரியும். நான்தான் அதை ராத்திரியோட சாட்சியா ஆக்கினேன். அந்தப் பொண்ணு கையைப் பார்த்துக்கிட்டே அழுதா குல்வென். நான் காபியை ஆத்திக் குடிச்சிட்டிருந்தேன்."

"எனக்கும்தான் தோணல. அத்தனை பேர் இருந்தோம்."

"மத்தவங்க யாரும் அவகிட்ட அவ்வளவு நிச்சயமா பேசலையே."

குல்வென் சிகரெட்டை அணைத்துக் கையிலேயே வைத்துக்கொண்டான். "சரி, அந்த மீன் மேல உங்க கண்ணு எப்படிப் போச்சு? உங்களுக்கு அலங்காரச் சாமான்னாலே ஆகாதே."

அர்மெல் யோசித்தாள். அவள் அப்போது கட்டிலருகே குனிந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் மெதுவாக ஒரு குரல் கேட்டது. 'மதாம், அந்த மீனைப் பாருங்க.'

"பெல்லெக்தான் காட்டினார். பக்கத்து மருந்துக்கடைக்காரர்."

டாக்டர் ஊரில் இல்லாததால் மகாரித் முதலில் ஓடிப்போய்க் கூப்பிட்டது அவரைத்தான். போலீஸ் வந்த பிறகும் அவர் போகவில்லை. ஏதாவது உதவி வேண்டியிருக்குமென்று ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"அவரும் நம்மளை மாதிரி ஏமாந்திருப்பாரோ?"

"கேட்டுப் பார்த்துடலாம்" என்றாள் அர்மெல்.

பெல்லெக்கின் கடையில் கற்பூர வாசனை அடித்தது. அவருக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளைக் கோட்டில் ஒரு கறை கிடையாது. அர்மெலைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க மதாம். மழையில நனைஞ்சிட்டு வந்திருக்கீங்க. தொண்டைக்கு ஏதாவது தரட்டுமா?"

"ஒரு சந்தேகம், மொஸ்யே பெல்லெக். கோர்ட்டுல கேட்டா நான் சொல்லணும். அந்த மீன் எப்படி நிறம் மாறுது?"

அவர் முகம் தெளிந்தது. "சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கீங்க. கோடைக்கு முன்னாடி அந்த மீன்களையெல்லாம் மருந்துல முக்கி எடுத்துக் கொடுக்கிறதே நான்தான். மேல பூசியிருக்கிறது ஒரு உப்பு மதாம். காத்துல இருக்கிற தண்ணி அதோட சேர்ந்தா ரோஜா. தண்ணி விட்டுப் போனா நீலம். இதுல அழகு என்னன்னா, சேர்றதும் பிரியறதும் ஒரே சமயத்துல நடந்துக்கிட்டே இருக்கும். ரெண்டும் சரிக்குச் சரியா நடக்கிற வரைக்கும் வெளியில இருந்து பார்த்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும்."

"அப்புறம் ஏன் மாறுது?"

"நாம சீண்டறோமே! ஈரத்தைக் கொண்டு வந்து கொட்டினா, அந்த ஈரத்தைத் தீர்க்கிற பக்கமா அது சாயும். தண்ணியை வாங்கிக்கும், ரோஜாவாகும். சூட்டைக் கொடுத்தா, அந்தச் சூட்டைத் தின்கிற பக்கமா சாயும். தண்ணியைப் பிரிச்சு விடறதுக்குத்தான் சூடு செலவாகும், அதனால நீலமாகும். நாம எந்தப் பக்கம் தள்ளினாலும் அது நமக்கு எதிரா கொஞ்சம் நகர்ந்துக்கும். சீண்டறதை நிறுத்திட்டா பழையபடி வந்துடும்."

"சூடுபட்டா நீலம்."

"ஆமா."

"அப்போ போட்டோகிராபர் விளக்கு?"

பெல்லெக்கின் விரல்கள் மேஜை மேல் இருந்த புட்டியொன்றின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தன. அவை நின்றன.

"அந்தச் சூடெல்லாம் போதாது மதாம். விளக்கை வெச்சு அதை மாத்தணும்னா அரை நாளாவது ஆகும்."

குல்வென் வாயைத் திறந்தான். அர்மெல் அவன் காலை மிதித்தாள்.

"நிச்சயமா?"

"இத்தனை வருஷமா செய்றேன். எனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் அர்மெல். "அதனாலதான் கேட்டேன். இப்பத்தான் பக்கத்து வீட்டுல அதே விளக்கைப் போட்டுப் பார்த்துட்டு வர்றோம். குல்வென் ஒரு சிகரெட்டை முடிக்கல, மீன் மாறிடுச்சு. தெரியாத நான் சொன்னது தப்பு, மொஸ்யே பெல்லெக். தெரிஞ்ச நீங்க இப்ப சொன்னதுக்கு என்ன பேரு?"

பெல்லெக் புட்டியைத் தள்ளி வைத்தார். வாசலுக்குப் போய் 'மூடப்பட்டது' என்ற அட்டையைத் தெருப்பக்கம் திருப்பினார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது ஆள் பாதியாகிவிட்டிருந்தார். அவர் முதலில் கேட்டது ஒரு கேள்வி.

"ரோனான் சாப்பிடறானா?"

"கொஞ்சம்."

"நான் சாப்பிடல" என்றார் பெல்லெக். "போன குளிர்காலத்துல ஜோப்போட சம்சாரத்துக்கு இதய மருந்து கலந்து கொடுத்தேன். கண்ணு சரியா தெரியறதில்ல, ஒத்துக்கவும் மனசில்ல. அளவு கூடிப் போச்சு. அந்தம்மா போயிட்டாங்க. வயசாயிடுச்சுன்னு எல்லாரும் விட்டுட்டாங்க. மிச்சம் இருந்த புட்டி ஜோப் கையில கிடைச்சது. வேற ஊர்ல கொடுத்து சோதிச்சுப் பார்த்துட்டான். விடிஞ்சா போலீசுக்குப் போறேன்னான்."

"நீங்க அன்னிக்கு ராத்திரி போனீங்க."

"கெஞ்சத்தான் போனேன். மழையோ பனியோ, ஜோப் ஜன்னலைத் திறந்து வெச்சுத்தான் படுப்பான், மாலுமி இல்லையா? தோட்டத்து வழியா போய் அதுல ஏறி இறங்கினேன். 'உன் வாயாலயே சொல்லு, என் பெண்டாட்டியைக் கொன்னது நீதான்னு சொல்லு'ன்னான். என்னால சொல்ல முடியல. கிட்டத்துல கப்பல் மணி ஒண்ணு இருந்தது. வெண்கலம்." அவர் தன் கைகளை மடியில் மறைத்துக்கொண்டார். "மணியைக் கடல்ல போட்டுட்டேன். ஜன்னலை அப்படியே விட்டுட்டுத்தான் வந்தேன். காலைல மகாரித் வந்து கூப்பிட்டு நான் போனப்போ அது மூடியிருந்துச்சு. தான்தான் மூடினதா உங்க ஆள்கிட்ட அவ சொன்னதை, பக்கத்துல நின்னு கேட்டேன். அவ்வளவுதான், மாட்டிக்கிட்டோம்னு நினைச்சேன். அப்பத்தான் விளக்கைப் போட்டீங்க."

"மீன் மாறுறதைப் பார்த்துக்கிட்டே நின்னீங்க."

"முழுசா மாறற வரைக்கும் காத்திருந்தேன். அப்புறம்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

"ஒரு பாவமும் அறியாதவன் உள்ள போவான்னு தெரிஞ்சேதானே?"

பெல்லெக் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எதிர்ப்பு இல்லை. அதுதான் அவளை அறுத்தது.

"மீனைப் பாருங்கன்னேன் மதாம். அதுக்கு மேல ஒரு வார்த்தை நான் சொல்லல. சொல்லலாமா வேணாமான்னு உள்ள நடுங்கிட்டிருந்தேன். மீதியெல்லாம் நீங்களே சொல்லிட்டீங்க."

குல்வென் கைவிலங்கை எடுத்தான். "கோட்டை மாட்டிக்குங்க, மொஸ்யே. வெளிய மழை" என்று மட்டும் சொன்னான்.

லாக்கப் கதவு திறந்தபோது ரோனான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். காம்பேர் வண்டி வந்துவிட்டது என்று நினைத்து எழுந்தான்.

"நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றாள் அர்மெல். "கொன்னது பெல்லெக். ஒத்துக்கிட்டார்."

அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. "ஜன்னல்?"

"திறந்திருந்தது. உங்க மனைவி சொன்னது நிஜம். நான் தப்பு பண்ணிட்டேன்."

அவன் கத்தவில்லை. அவள் அதற்குத் தயாராக வந்திருந்தாள். கத்தினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள்.

"மகாரித் வீட்டுலதானே இருக்கா?" என்று கேட்டான்.

அர்மெல் சொல்ல வேண்டியதாயிற்று. சமையலறையில் பேசியதையும், மகாரித் தன் ஞாபகத்தையே சந்தேகப்பட்டதையும், குழந்தையோடு ப்ரெஸ்டுக்குப் போனதையும் சொன்னாள். தன்னைக் காப்பாற்ற ஒரு வார்த்தையும் சேர்க்காமல் சொன்னாள். ரோனான் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அவளும் நம்பிட்டாளா?"

"நான் நம்ப வெச்சேன்."

ப்ரெஸ்ட் வரை குல்வென் வண்டியை ஓட்டினான். பின் சீட்டில் ரோனான். வழியில் குல்வென் இரண்டு தடவை ஏதோ வேடிக்கையாக ஆரம்பித்தான். இரண்டு தடவையும் பாதியில் விட்டுவிட்டான். "நீங்க மேல வர வேணாம் சீஃப். நான் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு வர்றேன்" என்றான் வீடு வந்ததும்.

"நானேதான் சொல்லணும்" என்று அவள் இறங்கினாள்.

மூன்றாவது மாடி. மகாரித்தான் கதவைத் திறந்தாள். புருஷனைப் பார்த்தாள். பின்னால் நின்ற அர்மெலைப் பார்த்தாள். கதவின் பிடியை விடவே இல்லை.

"ஜன்னல் திறந்துதான் இருந்தது, மகாரித்" என்றாள் அர்மெல். "நீங்கதான் மூடினீங்க. உங்க ஞாபகத்துல ஒரு குறையும் இல்ல. குறை என்னோடது. ரோனான் ஒண்ணும் செய்யல."

மகாரித்தின் உதடுகள் அசைந்தன. "நான் மூடினேன்" என்றாள். பிறகு கொஞ்சம் சத்தமாக, "நான் மூடினேன், ரோனான். இவங்ககிட்ட சொன்னேன்."

"சொன்னியாம். அப்புறம் ஏன் விட்டே?"

"இவங்க அவ்வளவு நிச்சயமா பேசினாங்க." அவள் கதவு நிலையில் சாய்ந்து அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். "என் கையையே எனக்கு நம்ப முடியல. அப்புறம் உன்னை எப்படி நம்புவேன்? நாளைக்கு இன்னொருத்தர் வந்து நிச்சயமா ஏதாவது சொன்னா, அதையும் நம்பிடுவேனோன்னு பயமா இருக்கு."

ரோனான் அவளைத் தொடவில்லை. விலகிப் போகவும் இல்லை.

உள்ளேயிருந்து சின்னப் பெண் ஓடி வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் நின்றாள். ஓடி வந்த வேகம் முகத்திலிருந்து மறைந்தது. அம்மாவின் தோளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அந்த வீட்டில் இத்தனை நாளும் என்ன பேசியிருப்பார்கள் என்று அர்மெலுக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. தான் அந்தச் சமையலறையில் விதைத்தது நான்கு வயசுக் குழந்தை வரை வந்து முளைத்திருக்கிறது.

ரோனான் மெதுவாக முட்டி போட்டு உட்கார்ந்தான். கையை நீட்டவில்லை. கூப்பிடவும் இல்லை. இரண்டு கைகளையும் தொடை மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான். மகாரித் அழுகையை அடக்கிக்கொண்டு, "அப்பாதான்டி செல்லம். நம்ம அப்பா" என்றாள். குழந்தை அசையவில்லை.

கடைசியில் குழந்தையின் கண்கள் அப்பாவைத் தாண்டி, படியில் நனைந்த கோட்டோடு நின்ற புதுப் பெண்மணி மேல் விழுந்தன. தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு விரல் நீண்டது.

"யாருப்பா இவங்க?"

ரோனான் கண்ணை மூடித் திறந்தான். திரும்பி அர்மெலைப் பார்த்தான். கோபப்பட இனிமேல் எவ்வளவோ நாள் இருக்கிறது என்பது போன்ற பார்வை. பிறகு மகளிடம் திரும்பினான்.

"வீடு மாறி வந்துட்டாங்கம்மா. இப்பப் போயிடுவாங்க."

"ஆமாம்மா" என்றாள் அர்மெல். "வீடு மாறி வந்துட்டேன்."

அவள் படியிறங்கத் தொடங்கினாள்.